குளியலறைக் கரடி

கீழே வரும் கதையில் ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது. சத்தியம். வெறும் சத்தியம் போதாது என்பவர்களுக்குச் சாட்சியும் இருக்கிறது. கதை நடந்த வீட்டின் வரைபடம் நகராட்சி அலுவலகத்தில், இரண்டாவது அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. கதை முடிந்ததும் அதை எடுத்துப் பார்த்துவிடலாம்.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, பத்து வயது மகள், ஐந்து வயது மகன் என்று நான்கு பேர். மகள் ஒல்லி, அதனால் அவளைக் குண்டூசி என்று கூப்பிட்டார்கள். மகன் உருண்டை. அவன் பட்டன்.

அப்பாவுக்கு மருந்துத் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு மூடி போடும் வேலை. பதினெட்டு வருடமாக அவர் மூடிய புட்டியில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அப்படிப்பட்டவரின் கண்ணில் வீட்டில் ஒரு ஓட்டை பட்டால் சும்மா விடுவாரா? சாவித் துவாரத்தை மெழுகு வைத்து அடைத்தார். அன்று சாயங்காலம் முழுக்கக் குடும்பமே வாசலில் நின்றது. அம்மா வாங்கி வந்த சல்லடையைப் பார்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

குளியலறையில் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. தூசி வருகிறது என்று அதைச் சிமெண்டு பூசி மூடினார். அதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் ஆவியை வெளியே இழுத்துத் தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். பிறகு ஒரு நாள் கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியே ஒரு கரப்பான்பூச்சி வந்தது. அப்பா அதை அடிக்கவில்லை. அந்த இடுக்கையே ரப்பர் பட்டை அடித்து மூடிவிட்டார். பாவம், கரப்பான் உள்ளே மாட்டிக்கொண்டது.

பட்டனுக்குத்தான் இதில் பெரிய நஷ்டம். அக்கா குளிக்கும்போது படம் வரைந்து அந்தச் சந்து வழியாக உள்ளே தள்ளுவது அவன் வழக்கம். அந்தத் தபால் நின்றுபோனது.

கொஞ்ச நாளில் குளியலறை கெட்டுப்போக ஆரம்பித்தது. ஒருமுறை நனைந்த துண்டு அடுத்த பிறந்தநாளுக்குத்தான் காய்ந்தது. கூரைக்குக் கீழே மேகம் கட்டியது. செவ்வாய்க்கிழமைகளில் தூறல். கண்ணாடியில் முகமே தெரியாததால் அப்பா உத்தேசமாக மழித்துக்கொண்டார். மீசையில் ஒரு பக்கம் மட்டும் அவருடன் வேலைக்குப் போய்வந்தது. சுவரில் இருந்த பல்லி மூன்று நாள் பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது.

மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. ஒரு வாரத்தில் அது தட்டளவு ஆனது. ஒரு மாதத்தில் அதற்குக் காதும் கையும் முளைத்தன.

"அக்கா, கரடி!" என்றான் பட்டன்.

"கரடி இல்லடா, பூஞ்சைக்காளான். ஈரத்துல வரும்," என்றாள் குண்டூசி.

அம்மா தேய்த்தாள். கரடி நான்கு நாளில் திரும்பி வந்தது. எலெக்ட்ரீஷியன் வந்தார்.

"ஃபேன் ஜம்முன்னு ஓடுதும்மா. வேணும்னா இதவிடப் பெருசா ஒண்ணு மாட்டலாம்," என்றார்.

பெரிதாக மாட்டினார்கள். சத்தம் இரண்டு மடங்கு ஆனது. கரடியும் இரண்டு மடங்கு ஆனது.

குளியலறைச் சுவருக்கு மறுபக்கம்தான் பட்டனின் கட்டில். ஈரம் சுவரைத் தாண்டியது. ஒரு காலையில் அவன் தலையணைக்கு மேலே கரடியின் ஒரு கை வந்திருந்தது. அன்றிலிருந்து பட்டன் இருமினான். மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. ஓட மாட்டான், சிரிக்க மாட்டான். சிரித்தால் இருமல் வரும்.

"எங்கடா வலிக்குது?" என்று குண்டூசி கேட்டாள்.

"வலிக்கலக்கா. கரடி என் நெஞ்சுமேல உக்காந்திருக்கு."



வீட்டுக்கு வந்த டாக்டர் நெடுநேரம் அவன் முதுகில் காது வைத்துக் கேட்டார். "மருந்து எழுதித் தர்றேன். ஆனா இந்த ஈரச் சுவத்துப் பக்கத்துல இருந்தா மருந்து கேக்காது. முதல்ல பையன இங்கிருந்து கூட்டிட்டுப் போங்க," என்றார்.

ஏழு மணி நேரப் பயணத்தில் அத்தை வீடு. ஞாயிற்றுக்கிழமை பஸ் என்று முடிவானது.

"எப்ப திரும்பி வருவான்?" என்றாள் குண்டூசி.

அம்மா சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். "அங்கேயே பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்னு அத்தை சொல்றா," என்றாள். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை மதியம். குண்டூசி குளித்து முடித்து உடை மாற்றிக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கதவின் அடியில் யாரோ சுரண்டினார்கள்.

"அக்கா, கடைசிப் படம். போக மாட்டேங்குது."

"இருடா, திறக்கிறேன்."

கதவை இரண்டு விரல் அளவுதான் திறந்தாள். பட்டன் கையில் இருந்த மெல்லிய தாள் விசுக்கென்று பறந்தது. அவள் தலைக்கு மேலே போய் ஃபேன் வலையில் ஒட்டிக்கொண்டது.

குண்டூசி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். கதவைச் சாத்தினாள். தாள் சோர்ந்துபோய்க் கீழே விழுந்தது. திறந்தாள். தாள் ஒட்டியது. சாத்தினாள். விழுந்தது. ஏழு தடவை செய்து பார்த்தாள்.

"என் படத்த வச்சு என்னக்கா பண்ற?"

"கரடி ஏன் போகலன்னு தெரிஞ்சுபோச்சுடா. அதுக்குக் கதவே திறக்கல!"

கூடத்தில் அப்பா பட்டனின் பையைக் கயிறு போட்டு இறுக்கிக் கொண்டிருந்தார்.

"அப்பா, எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமா?"

"திக்கித் திக்கித்தான் வரும். அப்புறம் அதுவும் நின்னுடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடணும். உள்ள காத்து போனாத்தான் எண்ணெய் வெளிய வரும். மூடி போடுறவன்கிட்டயே கேக்கறியா?"

"நம்ம குளியலறையும் டின்னு மாதிரிதான்ப்பா. ஃபேன் ஒரு ஓட்டை. இன்னொரு ஓட்டை..." குண்டூசி அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவின் கை கயிற்றிலேயே நின்றது. உள்ளறையில் பட்டன் இருமினான். நெடுநேரம் இருமினான்.

"நான்தானே அடச்சேன்," என்றார் அப்பா.

"கரப்பான் வருதேன்னுதானேப்பா அடச்சீங்க?"

"வந்தா வந்துட்டுப் போகுது!"

ரப்பர் பட்டையைப் பிய்த்தார். அதோடு விடவில்லை. கதவைக் கழற்றித் தரையில் போட்டு, ரம்பத்தால் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்தார். வாழ்நாளில் அவர் திறந்த முதல் ஓட்டை அது. பழக்கமில்லாததால் கோணலாக வந்தது. மாட்டி, ஃபேனைப் போட்டதும் மேகம் எழுந்து வரிசையில் நின்று வெளியே போனது. அன்று பக்கத்துத் தெருவில் மட்டும் மழை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது. சுவர் காயும்வரை பையனை உள்ளே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பட்டன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். "அக்கா, கரடி தனியா இருக்குமா?"

"நான் பாத்துக்கறேன். நீ மூச்ச மட்டும் ஒழுங்கா விடு," என்றாள் குண்டூசி. பஸ் திரும்பும்வரை அழவில்லை.

அதன்பிறகு யார் குளித்தாலும் ஃபேன் இருபது நிமிடம் ஓடியது. துண்டுகள் வெளியே கொடிக்குப் போயின. அம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் கரடியைத் தேய்த்தாள். இம்முறை அது திரும்பவில்லை. ஒரு நாள் கண்ணாடி தெளிந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு அலறினார்.

"ஏய், யாரு இந்த அரை மீசை ஆளு?"

"எனக்கென்ன தெரியும்? ஒன்றரை வருஷமா இங்கதான் சாப்பிடுறார்," என்றாள் அம்மா.

மூன்றாம் மாதம், சுவர் முழுக்கக் காய்ந்தபின் ஒரு காலை. குண்டூசி குளியலறைக்குள் இருந்தாள். கோணல் சந்து வழியாக ஒரு தாள் வழுக்கி வந்து அவள் கால்விரலைத் தொட்டது.

படத்தில் ஒரு பஸ். ஜன்னலோரத்தில் கரடி. மடியில் பை. கை ஆட்டிக்கொண்டிருந்தது.

குண்டூசி கதவில் காது வைத்தாள். வெளியே மூச்சுச் சத்தம் கேட்டது. விசில் இல்லை.

"அக்கா, வந்துச்சா?"

"வந்துச்சுடா!"

வரைபடத்தைப் பார்த்துவிடலாம் என்று பேச்சு. இரண்டாவது அலமாரி, மேல்தட்டு. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. வரைபடத்தின்படி அந்த வீட்டில் குளியலறையே கிடையாது.