ஆறாவது எண்

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. திரையில் ஒரு கால் முறிவு கேஸ் பாதியில் நின்றது. டாக்டர்கள் எழுதும் நோய்களை எண்களாக மாற்றுகிற வேலை அவளுக்கு. மெடிக்கல் கோடிங். ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பல வருஷமாக.

மறுபடியும் அடித்தது. எடுத்தாள்.

"அண்ணி..." தம்பியின் மனைவி. மூச்சு வாங்கியது. "இவர் கீழ விழுந்துட்டாரு. உடம்பு நெருப்பா கொதிக்குது. கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஐ.சி.யூ.வில் தம்பியைப் பார்த்தபோது வாயில் குழாய் போட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டும் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. மானிட்டரில் இதயத்துடிப்பு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

லாரி டிரைவர். கண் சொக்காமல் இருக்க ஊக்க மாத்திரை போட ஆரம்பித்து, அதற்கே அடிமையானவன். போன வருஷம் அவள்தான் கையைப் பிடித்து சிகிச்சைக்கு இழுத்துப்போனாள். கடைசியில் அவன் ஃபைலில் 'ரெமிஷன்' என்று ஏறியது. மீண்டுவிட்டான் என்று அர்த்தம். அந்தக் கோட் எண்ணைப் பார்த்து அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஐ.சி.யூ. டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"யூரின்ல ஆம்ஃபெட்டமின், அதே ஊக்க மருந்துதான், எக்கச்சக்கம். மறுபடி ஆரம்பிச்சிருக்கார்."

"இல்ல சார். அவன் விட்டுட்டான். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான்."

"எல்லாரும் யாரோ ஒருத்தர் தலையில அடிச்சுத்தாம்மா சத்தியம் பண்றாங்க."

எழுதினார். 'போதைக்காக எடுத்தது. அளவு மீறிவிட்டது.'

அவ்வளவுதான்.

உடம்பில் நஞ்சு ஏறிய கேஸ்களுக்கான கோட் எண்ணில் ஆறாவது எண்தான் எல்லாம். ஒன்று என்றால் விபத்து. இரண்டு என்றால் தற்கொலை முயற்சி. மூன்று என்றால்... வேறு யாரோ கொடுத்தது.

டாக்டர் எழுதியதற்கு, ஒன்று.

மாடிக்கு ஓடினாள். டீம் லீடரின் திரையில் தம்பியின் ஃபைல் திறந்திருந்தது. 'ரெமிஷன்' இருந்த இடத்தில் 'சார்பு நிலை', இன்னும் அடிமைதான் என்று வந்து உட்கார்ந்திருந்தது.

"இதை அனுப்பாதீங்க மேடம். லைசென்ஸ் போயிடும். அவன் வாழ்க்கையே போயிடும்."

"உன் தம்பி ஃபைல் பக்கமே நீ வரக்கூடாது. தெரியுமில்ல?"

"டாக்டர் தப்பா எழுதியிருக்கார். வேற யாரோதான் குடுத்திருக்கணும்."

"டாக்டர் எழுதினதுதான் நமக்கு வேதம். அவர் எழுதாததை நாம கனவுலகூட கோட் பண்ணக் கூடாது."

"டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாமே?"

"அனுப்பலாம். ஆனா பதிலை நாமளே ஊட்டி விடக்கூடாது. 'வேற யாராவது கலந்து குடுத்தாங்களா'ன்னு கேட்டா அது கேள்வி இல்லம்மா, சிபாரிசு."

கீபோர்டு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு எண். தொட முடியாது.

கீழே வந்தாள். வராந்தா பெஞ்சில் தம்பியின் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுருண்டிருந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணும் சாப்பிடல அண்ணி. ரெண்டு பேருக்கும் பிளாஸ்க்ல ஊத்தி வச்ச காபிதான்."

"காபி யார் போட்டா?"

"நான்தான்..."

கைப்பையிலிருந்து பிளாஸ்க் எட்டிப் பார்த்தது. வெடுக்கென்று பிடுங்கினாள். மூடியைத் திறந்தாள். அடியில் வெள்ளையாக, கரைந்தும் கரையாமலும், ஏதோ ஒன்று.

அதை அப்படியே டாக்டர் மேஜையில் வைத்தாள்.

காபியிலும் அதே மருந்து என்று லேப் ரிசல்ட் வந்தது. டாக்டர் திருத்தி எழுதினார். 'பிறர் கலந்து கொடுத்ததாகச் சந்தேகம்.'

மூன்று.

இன்ஸ்பெக்டர் வந்தார். தம்பி மனைவியை ஜீப்பில் ஏற்றினார்.

"அண்ணி... நான் எதையும் கலக்கல. நீங்களாவது நம்புங்க அண்ணி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை தம்பிக்குக் குழாயை எடுத்தார்கள். அவள் கட்டிலருகே குனிந்து அவன் தலையைக் கோதினாள்.

"பயப்படாதேடா. போலீஸ் பிடிச்சிருச்சு."

"யாரை?" குரல் கரகரத்தது.

"உன் பொண்டாட்டியைத்தான்."

அவன் கூரையையே பார்த்தான். முகத்தில் பயம் இல்லை, கோபம் இல்லை. நிம்மதி இருந்தது.

"அப்ப... அது அப்படியே இருக்கட்டும்க்கா."

கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னடா சொல்றே?"

"மாத்திரையை நான் விடவேயில்லக்கா. அவ கண்டுபிடிச்சிட்டா. ஓனர்கிட்ட சொல்லி வண்டியைப் பிடுங்க வைக்கிறேன்னா. அவளுக்குத்தான் ஏற்கெனவே ஹார்ட் வீக்காச்சே... பொடி பண்ணி அவ பிளாஸ்க்ல போட்டேன். ரெண்டு பேர் பிளாஸ்க்கும் ஒரே மாதிரி. நானும் மாத்திரை போட்டிருந்தேனா, தலைகால் புரியல. மாத்திக் குடிச்சிட்டேன்."

அவள் கையைப் பின்னால் இழுத்தாள்.

அவன் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டான். "நீ இந்த நம்பர் விஷயத்துல பெரிய ஆளாச்சே. எதையாவது போட்டு முடிச்சிடு. நான் உன் தம்பிக்கா."

வாயைத் திறந்தால் இவன் போவான். மூடினால் ஒரு பாவமும் அறியாத அவன் மனைவி போவாள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுவர். மானிட்டர் மட்டும் இப்போது ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது... அவள் வேண்டிக்கொண்டபடியே.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எழுந்து வெளியே போனாள்.

டாக்டர் அறையில் இன்ஸ்பெக்டரும் இருந்தார். சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அழுகைகூட வரவில்லை.

டாக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "மனைவிக்கு வச்சதைத் தவறித் தானே குடிச்சிருக்கார். அப்ப..."

"விபத்துதான் சார்," என்றாள். "ஒண்ணு. மாத்திரை விஷயமும் நீங்க முதல்ல எழுதினதுதான் சரி. சார்பு நிலை."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்தார். "உங்க தம்பி சம்சாரத்தை இப்பவே விட்டுடறோம். நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு சார்?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடித் தடுப்பு வழியாக தம்பியின் கட்டிலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

"காவலுக்கு ரெண்டு கான்ஸ்டபிள் கேட்டிருந்தேன்ல, பாதிக்கப்பட்டவருக்கு ஒருத்தர், குற்றவாளிக்கு ஒருத்தர்னு? ஒருத்தரை மட்டும் அனுப்புய்யா. ரெண்டு பேரும் ஒரே கட்டில்லதான் படுத்திருக்காங்க."