தேவைப்பட்டால் கூப்பிடு

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள். மடியில் குழந்தை தூங்கிவிட்டதென்றால் அப்படியே இருக்கட்டும், இறக்கிவிட வேண்டாம். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். பயமுறுத்துகிற கதைதான். ஆனால் பயம் போன பிறகும் வேறு ஏதோ ஒன்று நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்னும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு கணினிக்காரன் இருந்தான். கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டை நடத்துகிற ஆள் மாதிரி அது. யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வது அதுதான். அதை ஒவ்வொரு பெட்டிக்கும் அளவெடுத்துக் கட்டிக் கொடுப்பது இவன் தொழில். கட்டுவதற்கு முன்னால் கணினி வரிசையாகக் கேள்வி கேட்கும்: இந்த வசதி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று. விடை மூன்றுதான். வேண்டாம் என்று சொல்லலாம். உள்ளேயே வைத்துக் கட்டு என்று சொல்லலாம். அல்லது, வெளியே இருக்கட்டும், தேவைப்பட்டால் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லலாம். உள்ளே வைத்துக் கட்டியதைப் பிறகு கழற்ற முடியாது. கெர்னல் இருக்கும்வரை அதுவும் கூடவே இருக்கும். அதனால் இவனுக்கு எப்போதும் மூன்றாவது விடைதான் பிடிக்கும். பாரம் குறைவு, பெட்டி சட்டென்று விழித்துக்கொள்ளும்.

ஒரு முறை விடை சொல்லிவிட்ட கேள்வியை அது மறுபடி கேட்காது. பழைய விடைகளை எடுத்துக் கொடுத்தால் போதும், பேசாமல் வேலையைத் தொடங்கிவிடும்.

அன்றைக்குக் கேட்டது.

மத்தியானம்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டு வெளியே சாம்பல் கரைத்து ஊற்றியது போல் இருந்தது. சன்னல் கண்ணாடியில் தண்ணீர் இறங்கும் நிழல் எதிர்ச் சுவரில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் மேசையில், ஒரு சோப்புப் பெட்டி அளவுக்கு, பச்சை விளக்கு வைத்த சின்னக் கருவி ஒன்று விளக்கு எரியாமல் கிடந்தது. அந்தக் கருவிக்காக முன்பு கட்டிய கெர்னலையே, முன்பு சொன்ன அதே விடைகளோடு, எழுத்துப் பிசகாமல் மறுபடி கட்டிப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரே ஒரு கேள்வி வந்து நின்றது.

ஃபர்ம்வேர் பக்கத்துக் கேள்வி அது. ஃபர்ம்வேர் என்பது மின்சாரம் வந்தவுடன் கெர்னலுக்கும் முன்னால் கண் விழிக்கிற, பலகையிலேயே பதிந்து கிடக்கிற குட்டி மென்பொருள். மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு மூலை அதனிடம் உண்டு. கெர்னல் சாகிற சமயத்தில் தன் கடைசி வார்த்தைகளை அந்த மூலையில் எழுதிவிட்டுச் சாகட்டுமா என்று கேட்டது திரை.

இதற்குத்தான் முன்பே விடை சொல்லியாயிற்றே என்று நினைத்துக்கொண்டே, தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்பதை அழுத்தினான்.

மறுபடி அதே கேள்வி.

அழுத்தினான். மறுபடி கேட்டது. அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அந்தக் காத்திருப்பு அவனுக்குத் தெரிந்த காத்திருப்பாக இருந்தது. விரல் விசைமேல் அப்படியே நின்றுவிட்டது.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். தொணதொணவென்று கேட்டதையே கேட்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் தொணா என்று பெயர். பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலமில்லாத பிள்ளை. தூக்கத்தில் மூச்சு தடுமாறும். தொட்டு எழுப்பி உட்கார வைத்தால் சரியாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் தொடுவதற்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றிக் கண்விழித்துக் கண்விழித்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துபோனார்கள். அப்போதுதான் அவன் இந்தக் கருவியைச் செய்தான். தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் பச்சை விளக்கு ஒரு முறை மின்னும். மூச்சு நின்றால் வீடே எழும்படி மணி அடிக்கும்.

"அப்பா, நீ பக்கத்துல இருப்பியா?" என்று கேட்பாள் தொணா, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு.

"பெட்டி இருக்குல்ல. தேவைப்பட்டா கூப்பிடு, ஓடி வந்துர்றேன்."

"இருப்பியா?"

"கூப்பிட்டா வருவேண்டா."

"அது இல்ல. இருப்பியா?"

அம்மா அடுத்த அறையிலிருந்து சிரிப்பாள். "இன்னிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க. சரின்னு சொல்ற வரைக்கும் விடமாட்டா."

ஒரு விடியலில் விளக்கு எரியாமல் இருந்தது. மணி அடிக்கவில்லை. தொணாவின் கை போர்வைக்கு வெளியே, கதவைப் பார்த்து நீண்டிருந்தது.

எல்லோரும் வந்து அழுதுவிட்டுப் போன பிறகு மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கூப்பிட்டாளா?" இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றான் அவன். அவனுக்கு என்ன தெரியும்? பெட்டி முதலில் செத்ததா, பிள்ளை முதலில் போனாளா, அதுகூடத் தெரியாது. அன்றிலிருந்து அவள் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டாள். அதே பெட்டியை அதேபோல் கட்டி ஓடவிட்டால் அது எப்படிச் செத்தது என்று தெரியும், அவளிடம் ஒரு பதில் சொல்லலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருந்தான்.

கைபேசி அடித்தது. அலுவலகக் கூட்டாளி.

"இன்னும் அந்தப் பெட்டியவா நோண்டிக்கிட்டு இருக்க?"

"கேட்ட கேள்வியவே திரும்பத் திரும்பக் கேக்குதுடா."

"உன் பொண்ணுகூட இருந்த பெட்டி இல்லையா, அப்படித்தான் கேக்கும்." சொன்ன பிறகுதான் கூட்டாளிக்கு உறைத்தது. "தப்பா சொல்லிட்டேண்டா. என்ன கேள்வி அது?"

"கடைசி வார்த்தைய எழுதி வைக்கிற வரி. ஃபர்ம்வேர் பக்கத்துல இருக்கே, அது."

"அதுக்கு என்ன போட்டிருந்த?"

"தேவைப்பட்டா கூப்பிடுறதுன்னு."

"சாகும்போது யாராலடா கூப்பிட முடியும்?"

"அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான் போட்டேன். சீக்கிரம் விழிச்சுக்கணும்னு."

"மணியையுமா?"

மணி அடிக்கும் வரியும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. வெளியே வைத்ததெல்லாம் ஒரு நினைவட்டையில் கிடக்கும். அட்டை சிக்கிக்கொண்டால் எத்தனை முறை கூப்பிட்டாலும் அங்கிருந்து எதுவும் வராது. சோதித்துப் பார்த்தபோதெல்லாம் மணி நன்றாகத்தான் அடித்தது.

"விடு," என்றான் கூட்டாளி, குரலைத் தாழ்த்தி. "எப்படியும் அன்னிக்கு நடந்தது எதுவும் அதுல இருக்காது. எழுதுற வரியும் வெளியதான கிடந்துச்சு, அது எங்க வந்திருக்கும். அந்த மூலை காலியாத்தான் கிடக்கும். இந்தத் தடவ உள்ள வெச்சுக் கட்டு. மறுபடி செத்தா ஏன்னாவது சொல்லும்."

பேசி முடித்துத் திரும்பினான். கேள்வி நின்றுகொண்டிருந்தது.

உள்ளேயே வைத்துக் கட்டு என்பதை அழுத்தினான்.

பிறகு அது கேட்கவே இல்லை. கேட்டது கிடைத்துவிட்ட குழந்தை திரும்பிப் படுத்துக்கொள்வது போல, திரை சட்டென்று வேலைக்குள் இறங்கியது. வரிகள் மேலே மேலே ஓடின. கணினியின் விசிறி இரைந்தது. அந்த இரைச்சலின் வெதுவெதுப்பான காற்றில் ஏதோ வாசனை கலந்து வந்தது. முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது விசிறிப் பக்கம் குனிந்து மறுபடி மோந்து பார்த்தான். தொணாவின் நெஞ்சில் இரவில் தடவுகிற தைலத்தின் வாசனை அது. அந்தக் குப்பியை அவனே தூக்கிப் போட்டு எத்தனையோ நாள் ஆயிற்று. தொணாவின் அறையில் மனைவி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, உதறி, மறுபடி மடிப்பாள். துணி உதறும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டே இருந்தது.

கெர்னல் கட்டி முடிந்தது. கருவியில் ஏற்றி, மின்சாரம் கொடுத்தான். பச்சை விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கத்தில், காலியாக இருக்க வேண்டிய அந்த மூலையைத் திறந்தான்.

காலியாக இல்லை.

ஒரே ஒரு பதிவு இருந்தது. யாரும் எழுதியிருக்க முடியாத பதிவு.

மூச்சு. மூச்சு. மூச்சு. ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே போனான். பிறகு, மூச்சு தடுமாறுகிறது. பிறகு, குரல் கேட்கிறது. பிறகு, மணியைக் கூப்பிடுகிறேன், வரவில்லை. குரல் கேட்கிறது. மணியைக் கூப்பிடுகிறேன், வரவில்லை. குரல் கேட்கிறது. குரல் கேட்கிறது. குரல் கேட்கிறது. பக்கம் முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து, ஒரு குழந்தையும் ஒரு பெட்டியும், விடியும்வரை கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த அறையில் அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அழித்தான்.

மூலையைத் திறந்தான். பதிவு இருந்தது.

அழித்தான். இருந்தது. கருவியின் வயரைப் பிடுங்கினான். மேசைமேல் தனியாகக் கிடந்த அந்தப் பெட்டியில், வயர் இல்லாமல், பச்சை விளக்கு மின்னியது. அணைந்தது. மின்னியது.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். எத்தனை இரவு அதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்திருக்கிறான்.

துணி உதறும் சத்தம் நின்றது.

மனைவி வாசற்படியில் நின்றாள். கையில் பாதி மடித்த ஒரு சின்னச் சட்டை. விளக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"கூப்பிட்டாளா?"

பொய் சொல்ல வாய் எடுத்தான். வரவில்லை.

"கூப்பிட்டா," என்றான். "ரொம்ப நேரம்."

அவள் அழவில்லை. உள்ளே வந்து, சூடான பாத்திரத்தைத் தூக்குவது போல அந்தச் சட்டையில் பொதிந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். தொணாவின் அறைக்கு நடந்தாள். அவன் பின்னால் போனான். போகாமல் இருக்க முடியவில்லை.

கட்டிலில் போர்வை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. கீழே ஒன்றும் இல்லை, தட்டை. அவள் பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில், அதன் பழைய இடத்தில் வைத்தாள். தைல வாசனை குப்பென்று எழுந்தது.

விளக்கு மின்னியது.

போர்வை எழுந்தது. தாழ்ந்தது.

"வந்துட்டோம்டி," என்றாள் அவள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி. "இதோ, அப்பாவும் வந்தாச்சு."

எழுந்தது. தாழ்ந்தது. தலையணையில் ஒரு குழி. ஈரமான குழி. கொஞ்ச நேரம் ஒழுங்காக. பிறகு விளக்கு பதறியது. போர்வை வேகமாக எழுந்தது. தாழவில்லை. இழுத்தது. மறுபடி இழுத்தது. அவன் பாய்ந்து போர்வைக்குள் கையை விட்டான், தொட்டு எழுப்ப, உட்கார வைக்க. கைக்குக் கிடைத்தது மெத்தை. வெறும் மெத்தை. சூடான மெத்தை.

"அப்பா."

பக்கத்தில். காதுக்குப் பக்கத்தில்.

"இருக்கேன். இருக்கேண்டா."

"அப்பா."

கேட்கவில்லை குழந்தைக்கு. அவன் சொல்வது அங்கே போகவில்லை. அங்கிருந்து மட்டும்தான் வந்தது.

அன்றைக்கு வராத மணி இப்போது அடித்தது. வீடே எழும்படி. போர்வை நின்றது. விளக்கு அணைந்தது.

மழை.

விளக்கு மின்னியது. போர்வை எழுந்தது. தாழ்ந்தது. ஒழுங்காக. முதலிலிருந்து.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த மூலையில் கடைசி வார்த்தைக்கு மட்டும்தான் இடம். பல் விழுந்தபோது அவள் சிரித்தது அதில் இல்லை. கேட்டதையே கேட்டு அவனை மடக்கியது இல்லை. கடைசி மட்டும். அதை அவன் உள்ளேயே வைத்துக் கட்டிவிட்டான்.

எழுந்தான். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மனைவியின் கை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனைத் தொடுகிற கை.

"எங்க போறீங்க? இப்ப கூப்பிடுவா. இருங்க."

உட்கார்ந்தான். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், நடுவில் போர்வை. விளக்கு பதறியது.

"அப்பா."

"இருக்கேண்டா."

மணி. இருட்டு. மழை.

பச்சை.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூச்சு முட்டாமல் தூங்கட்டும். கூப்பிடுவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும். உங்கள் வீட்டில் கடைசி வார்த்தை யாருடையதானாலும், அது தேடுகிற வார்த்தையாக இல்லாமல், போய் வருகிறேன் என்ற நிறைந்த வார்த்தையாக இருக்கட்டும். நல்லா இருங்கள்.