சத்தம் கேட்கும்

முகாமிலிருந்து வந்த வாசகத்தில் கடைசி வரி மட்டும் அவளுக்கு இடித்தது.

"மாலை வேளைகளில் பயிற்சியின் பொருட்டு முகாமிலிருந்து சத்தம் கேட்கும். வீட்டு உரிமையாளர்கள் அச்சப்பட வேண்டாம். பதில் சொல்ல வேண்டாம்."

அவ்வளவுதான் நோட்டீஸ். ராணுவ முகாமின் வேலியை ஒட்டிய தெருவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை அடித்து, வீடு வீடாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சும் அவள்தான், தபாலும் அவள்தான், அந்தத் தெருவில் குடியிருப்பதால் இந்த வேலையும் அவள் தலையில்தான் விடிந்தது. மேலதிகாரி பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் படித்தார். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பதென்றால் மனுஷனுக்குச் சாப்பாடே வேண்டாம்.

"சத்தத்துக்கு யாரும்மா பதில் சொல்லுவா? அரைகுறையாத் தமிழ் தெரிஞ்ச எவனோ எழுதியிருக்கான். அந்தக் கடைசி வரியைத் தூக்கிடு. ஜனங்க படிச்சா நம்மளைப் பார்த்துதான் சிரிப்பாங்க."

முகாமுக்கு ஒரு போன் போட்டு விசாரித்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லிப் பழக்கமில்லை.

"ம்," என்றாள்.

அவளுடைய 'ம்' அலுவலகத்தில் பிரசித்தம். சரி என்கிறாளா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறாளா, ஆளை விடு என்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. பல நேரம் அவளுக்கே தெரியாது. 'என்னைக் கட்டிக்கிறியா' என்று கேட்டபோதும் ஒரு 'ம்'தான் கிடைத்ததாகவும், அது சம்மதம்தானா என்று இன்றுவரை சந்தேகம் என்றும் அவள் புருஷன் லாரியோடு போகிற ஊரிலிருந்தெல்லாம் போன் போட்டுக் கிண்டல் செய்வான். "வாயைத் திறக்காமலே முழு ஆயுசையும் ஓட்டிடுவ நீ" என்பான்.

கடைசி வரியைத் தூக்கிவிட்டு அச்சடித்தாள்.

தெருவில் யாரும் தகராறு செய்யவில்லை. படித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். தன் வீட்டுக்குத் தானே நோட்டீஸ் கொடுத்துத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் மிச்சம். முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு காலை முதல் கடகடவென்று ஓட்டுகிறவர், அதைவிட வேகமாக வாயை ஓட்டுகிறவர்.

"சத்தம் கேட்கும்னு போட்டிருக்கு," என்றார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி. "என்ன கேட்கும்? காப்பியா, டீயா?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "உங்ககிட்ட வந்து கேட்டா அதுவே காதைப் பொத்திக்கிட்டு ஓடிடும்."

தையல்காரர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். தினமும் விளக்குப் போடும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னம்மா, பாப்பா தூங்கிட்டாளா?" என்று கேட்பார். இவள் இந்தப் பக்கமிருந்து "ம்" என்பாள். உடனே குழந்தைக்குத் தொந்தரவாக இருக்குமே என்று மிஷினை நிறுத்திவிடுவார். உண்மையில் அந்தக் கடகட சத்தத்தில்தான் பாப்பா தூங்குவாள், நின்றதும் விழித்துக்கொள்வாள். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். சொன்னதில்லை.

அன்று மாலையே சத்தம் வந்தது.

அது முதலில் காதுக்கு வரவில்லை, காலுக்கு வந்தது. சமையலறைத் தரை பாதத்துக்கடியில் மெல்ல அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுத்தன, சூடேறிய ஒயரின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து மூக்கில் தங்கியது, அதன் பிறகுதான் வேலிக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம், கனமான எதையோ ஈரத் தரையில் இழுத்து வருவது போல நீண்டு, தெருவின் முதல் வீட்டைத் தொட்டு, ஒவ்வொரு வாசலாக நகர்ந்து, முடிகிற இடத்தில் தாழாமல் மேலே ஏறி நின்றது. வெடி என்றால் வெடித்து ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பேச்சை நிறுத்துவாரே, அப்படி நின்றது.

இடுப்பிலிருந்த பாப்பா காதைத் தீட்டிக்கொண்டாள். பேச்சு வந்த நாளிலிருந்து வாய் ஓயாத பெண், அம்மாவுக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

"அம்மா, அது என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலை. நீ சாப்பிடு."

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றது. தையல்காரர் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து வேலிப் பக்கம் குரல் கொடுத்தது தெளிவாகக் கேட்டது.

"என்னய்யா வேணும்?"

அவர் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ வாயைப் பொத்தியது போலக்கூட இல்லை, ரேடியோவை அணைத்தது போல நின்றது. அதன்பின் அன்று எதுவும் கேட்கவில்லை. பாப்பா தூங்கிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டார்களோ என்னவோ என்று நினைத்தபடி அவள் படுத்துவிட்டாள்.

மறுநாள் விடுமுறை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என்னமோ குறைகிறதே என்று பட்டது. மிஷின் ஓடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று வாசல் பக்கச் சுவருக்கு மேல் எட்டி, அவர் முன்னறை ஜன்னலைப் பார்த்தாள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரரின் கால் மிதிப்பலகையை மிதித்துக்கொண்டிருந்தது, சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது, துணி நகர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை.

தன் காதுதான் அடைத்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். திறந்திருந்த கதவைத் தட்டினாள். விரல் முட்டி வலித்ததே தவிரக் கதவிலிருந்து ஒலி வரவில்லை. உள்ளே அடுப்பில் குக்கர் ஆவியைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது, விசில் இல்லை. தையல்காரரின் மனைவி அவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள், உதடு காய்ந்துபோகும்வரை பேசினாள்.

"என்னாச்சு? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே," என்றாள் இவள். அந்த வீட்டில் இவள் குரல் மட்டும் தனியாக ஒலித்தது. அவளுக்கு அது கூச்சமாக இருந்தது.

தையல்காரர் தலையைத் தூக்கவில்லை. வெட்டி வைத்திருந்த கறுப்புத் துணியை இழுத்து, துணியில் கோடு போடும் சாக்கால் எழுதிக் காட்டினார்.

'அது கேட்டுச்சு. நான் பதில் சொன்னேன்.'

திரையில் இருந்த அந்தக் கடைசி வரியும், அதை அழித்த தன் விரலும் அவள் கண் முன்னால் வந்தன. கேட்கும் என்றால் காதில் விழும் என்றுதானே அர்த்தம் செய்துகொண்டார்கள். மேலதிகாரி, தெரு, அவள், எல்லாரும். தையல்காரர் ஒருவர்தான் சரியாகப் படித்திருக்கிறார், அதுவும் வேடிக்கைக்கு.

மேலதிகாரிக்குப் போன் போட்டாள். இன்னொரு நோட்டீஸ் அடித்து, அந்த வரியைச் சேர்த்து, இன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். வாழ்க்கையில் அவரிடம் அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை.

"ஒரு வரிக்காக ஊரைக் கூட்டணுமா? எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. திருத்தம்னா மறுபடி முகாம்ல ஒப்புதல் வாங்கணும். லீவு நாள்ல எவன் இருப்பான்? நாளைக்கு வா, பார்க்கலாம். என்ன?"

"ம்."

போனை வைத்ததும் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது. அழ நேரமில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர் வீட்டுக்காரி வாசலில் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாயங்காலம் சத்தம் வந்தா யாரும் வாயைத் திறக்காதீங்க. பதில் சொல்லவே கூடாது."

"நோட்டீஸ்ல அப்படி ஒண்ணும் போடலையேம்மா," என்றாள் அவள் சிரித்தபடி. "நீதானே கொண்டுவந்து கொடுத்த?"

மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். இனி யாரையும் காப்பாற்ற முடியாது, தன் பெண்ணை மட்டுமாவது கொண்டுபோய்விட வேண்டும் என்று முடிவெடுத்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற பெண். கேட்காததற்கும் சொல்கிற பெண். தெருவுக்கு ஒரே வழி. அதில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள், ஒரு சிப்பாய் நின்றிருந்தான். மீசை சரியாக முளைக்காத முகம்.

"தம்பி, குழந்தையைக் கூட்டிட்டுப் போகணும். கொஞ்சம் விடுப்பா."

அவன் திரும்பினான். அவன் உதடுகளின் மேல் குறுக்காக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தலையை இல்லை என்று ஆட்டினான். அவள் கெஞ்சினாள். காலில் விழுந்துவிடுவேன் என்றாள். அவன் கண் கலங்கியது. மறுபடி தலையை ஆட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்திரி உருளையை எடுத்து, கொஞ்சம்தான் மிச்சமிருந்தது, அதைக் கிழித்து அவள் கையில் ஒட்டிவிட்டு, வீட்டைப் பார்த்துக் கையைக் காட்டினான். ஒரே ஒரு துண்டு.

வீட்டுக்கு வந்தாள். கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் துணியைத் திணித்தாள். புருஷனுக்குப் போட்ட போன் போகவில்லை.

"பாப்பா, ஒரு விளையாட்டு. யார் முதல்ல பேசுறாங்களோ அவங்க தோத்தாங்க."

பாப்பாவுக்குத் தோற்கப் பிடிக்காது. பிளாஸ்திரியைத் தானே வாங்கி வாயில் ஒட்டி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அவளை மடியில் இருத்திக்கொண்டு, தன் உதட்டைப் பல்லால் கடித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, அம்மா உட்கார்ந்தாள். வெளிச்சம் குறைந்தது. விளக்குப் போட எழுந்திருக்கவில்லை.

தரை அதிர்ந்தது.

டம்ளர்கள் கிணுகிணுத்தன. ஒயர் வாடை.

இழுத்துக்கொண்டு வந்தது. எதிர் வீட்டு வாசலில் நின்றது. மேலே ஏறியது. எதிர் வீட்டுக்காரி ஏதோ சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

நகர்ந்தது. இவள் வீட்டு வாசல். கதவின் தாழ்ப்பாள் தானாக நடுங்கியது. பாப்பாவின் சின்ன நெஞ்சு அவள் கைக்குள் படபடத்தது. அந்த நீண்ட சத்தம் ஏறி, ஏறி, நின்றது.

அவள் பதில் சொல்லவில்லை. பாப்பா சொல்லவில்லை.

மறுபடி கேட்டது. சொல்லவில்லை. பல் பட்டு உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. மறுபடி. சொல்லவில்லை.

சத்தம் தணிந்தது. தேய்ந்து, விலகி, இல்லாமல் போனது. தாழ்ப்பாள் நின்றது. எல்லாம் அடங்கியது. அவள் மூச்சை விட்டாள். உடம்பு தளர்ந்தது. போய்விட்டது. பாப்பா இருக்கிறாள். போய்விட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் கடகடவென்று ஓடியது. தினமும் போல. பிறகு அந்தக் குரல், தினமும் போல.

"என்னம்மா, பாப்பா தூங்கிட்டாளா?"

"ம்."

வாய் திறக்கவில்லை. உதடு பிரியவில்லை. கை அப்படியேதான் இருந்தது. ஒரு 'ம்' சொல்ல எதுவுமே திறக்க வேண்டாம்.

மிஷின் நின்றது.

பாப்பா துள்ளி எழுந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டு, அம்மாவை நோக்கி விரலை நீட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினாள். கை தட்டினாள். குதித்தாள். அலமாரியில் இடித்து டம்ளர்கள் உருண்டு விழுந்தன.

ஒன்றும் கேட்கவில்லை.

பாப்பா தன் கையைப் பார்த்தாள். மறுபடி தட்டிப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்று மெல்லக் கோணியது. அவள் குழந்தையை வாரி அணைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை அசைந்தது. அவ்வளவுதான். ஒரு 'ம்' கூட வரவில்லை.

வேலிக்கு அப்பால் சத்தம் மீண்டும் புறப்பட்டது. நீண்டு, ஏறி, நின்றது. முடிகிற இடத்தில் இப்போது ஒரு சின்னக் குரல் இருந்தது.

"அம்மா, தோத்துட்டியா?"

மடியிலிருந்த பாப்பா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.