நூற்றைத் தாண்டிய சான்றிதழ்

காலை ஒன்பது மணிக்கு அழைப்பு மணியில் விரல் வைத்தவர், கதவு திறந்த பிறகும் அதை எடுக்கவில்லை.

"உள்ள வாங்க சார், மணி தேய்ஞ்சிடப் போகுது" என்று அவரை அழைத்துவந்து உட்காரவைத்தான் டாக்சிக்காரன்.

அது அவனுடைய அண்ணியின் வீடு. மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவரை அக்கம்பக்கத்தில் தராசம்மா என்பார்கள். போலீசுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் அவரிடம் வருவார்கள். கணவரின் தம்பியான இவன் சம்பளமில்லாத உதவியாளன். எதிரே வருகிற யாரையும் கொலைகாரன் என்று முடிவுகட்ட அவனுக்கு அரை நிமிடம் போதும்.

வந்தவர் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே டெக்னீஷியன்.

"அம்மா, நான் ஒரு உயிரைக் கொன்னுட்டேனோன்னு பயமா இருக்கு. வயித்தைப் படம் எடுக்கறதுக்கு முன்னாடி பேரியம் சல்ஃபேட் பொடியைத் தண்ணில கலக்கிக் குடிக்கக் கொடுப்போம். பதினோரு வருஷமா நான்தான் கலக்கறேன். நேத்து சாயங்காலம் ஒரு டீச்சர் குடிச்சாங்க. ஒரு மணி நேரத்துல வாந்தி. அப்புறம் கையும் காலும் விழுந்துடுச்சு. இப்போ மூச்சுக்கு மெஷின் வச்சிருக்காங்க. நான் எதையோ மாத்திக் கலந்துட்டேன்னு பெரிய டாக்டர் கத்தறாரு. மத்தியானம் போலீஸ் வருதாம்."

"மாத்திக் கலந்தீங்களா?"

"இல்லம்மா! புது டப்பாவை நேத்துதான் எடுத்தேன். மூடி லேசா இருந்துச்சு, ஸ்டோர்ல திறந்து பார்த்திருப்பாங்கன்னு விட்டுட்டேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தையும் மடித்த தாளையும் எடுத்தார். "இது அந்த டப்பாவுல இருந்த பொடி. இது டப்பாவோட வந்த சான்றிதழ்."

தராசம்மா தாளை வாங்கிக்கொண்டு டீயை அவர் பக்கம் தள்ளினார். டெக்னீஷியன் கோப்பையைப் பிடித்தார். அது விரல்களுக்குள் நிற்காமல் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

"பயத்துல கை நடுங்குது" என்றான் கொழுந்தன்.

"நடுங்கல தம்பி. பிடிக்க வலு இல்ல." தராசம்மாவின் குரல் தாழ்ந்தது. "சார், நீங்களும் அதைக் குடிச்சீங்களா?"

அவர் தலையாட்டினார். "டீச்சர் குடிக்கத் தயங்கினாங்க. பயப்படாதீங்கன்னு நானே ரெண்டு மடக்கு குடிச்சுக் காட்டினேன். ராத்திரியிலேருந்து உதடு மரத்துப்போய் இருக்கு. நானும் சாகப்போறேனாம்மா?"

தராசம்மா தாளைப் பிரித்தார். சான்றிதழில் மூன்றே வரிகள். பேரியம் 69.5 சதவீதம், கந்தகம் 13.7, ஆக்ஸிஜன் 27.5. பென்சிலை எடுத்து ஓரத்தில் கூட்டினார்.

"தம்பி, இதைக் கூட்டு."

"நூத்திப் பத்து புள்ளி ஏழு. அதனால என்ன அண்ணி?"

"எந்தப் பொருளையும் நூறு பங்காத்தான் பிரிக்க முடியும். மீதிப் பத்து எங்கிருந்து வந்துச்சு?" சொல்லிக்கொண்டே வேகமாக எழுதினார். "சல்ஃபேட்டுல பேரியத்தோட அணு எடை 137. கந்தகம் 32. ஆக்ஸிஜன் நாலு, தலைக்குப் பதினாறு, 64. மொத்தம் 233. அதுல பேரியம் எத்தனை பங்கு? 137-ஐ 233-ஆல வகுத்தா 58.8 சதவீதம். எவ்வளவு சுத்தமான சல்ஃபேட்டா இருந்தாலும் இதுக்கு மேல ஏறாது."

"அப்போ இந்த 69.5?"

"கந்தகத்தை எடுத்துடு. ஒரு கார்பன், 12. மூணு ஆக்ஸிஜன், 48. பேரியத்தோட சேர்த்து 197. இப்போ வகுத்துப் பாரு."

கொழுந்தன் கைப்பேசியில் தட்டினான். "சரியா 69.5."

"பேரியம் கார்பனேட். பார்க்க அதே வெள்ளைப் பொடி. சல்ஃபேட் கரையாது, குடிச்சது அப்படியே வெளியே போயிடும். கார்பனேட் வயித்து அமிலத்துல கரைஞ்சு ரத்தத்துல ஏறும். விஷம்."

பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு வினிகர் ஊற்றினார். பொடியிலிருந்து குமிழிகள் பொங்கி வந்தன. சல்ஃபேட்டாக இருந்தால் சும்மா கிடந்திருக்கும்.

அடுத்த நொடி பெரிய டாக்டரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

"டீச்சர் குடிச்சது பேரியம் கார்பனேட், டாக்டர். ரத்தத்துல பொட்டாசியம் எப்படி இருக்கு?"

"இறங்கிட்டே இருக்கு. காரணம் புரியாம முழிக்கிறோம்."

"பேரியம் செய்யற வேலைதான். வயித்துல மிச்சம் இருக்கறதைச் சல்ஃபேட்டா மாத்தணும். மெக்னீசியம் சல்ஃபேட், நம்ம பேதி உப்பு இருக்கில்ல? எவ்வளவுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. இன்னொரு நோயாளியையும் கூட்டிட்டு வரேன். அந்த டப்பாவை யாரும் தொட வேண்டாம்."

டாக்சி பறந்தது. பின்னிருக்கையில் டெக்னீஷியன், மகளின் பெயரைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவருக்குக் காலைத் தூக்க முடியவில்லை. கொழுந்தன் அவரை முதுகில் சுமந்துதான் வார்டுக்குள் கொண்டுபோனான்.

பதினோரு மணிக்கு ஸ்டோர் அறையில் நான்கு பேர் தராசம்மாவின் முன் நின்றார்கள். பெரிய டாக்டர், ஸ்டோர் கீப்பர், மருந்து கொண்டுவந்த கம்பெனி ஏஜென்ட், கொழுந்தன். ஏஜென்டுக்கு வியர்த்து ஊற்றியது.

"இவன்தான் அண்ணி" என்று காதில் கிசுகிசுத்தான் கொழுந்தன்.

"புது டப்பாவை யார் யார் தொட்டீங்க?" என்று கேட்டார் தராசம்மா.

"சீல் வச்ச டப்பாவை இறக்கிட்டுக் கையெழுத்து வாங்கினேன், அவ்வளவுதான்" என்றார் ஏஜென்ட்.

"அலமாரியில வச்சதோட சரிம்மா. அதுக்கப்புறம் அந்த மூட்டை பக்கமே நான் போகல" என்றார் ஸ்டோர் கீப்பர்.

தராசம்மா ஏஜென்டின் பையிலிருந்த சான்றிதழ் நகலை வாங்கிப் பார்த்தார். அதில் பேரியம் 58.8. மற்ற இரண்டு வரிகளும் அப்படியே.

"கம்பெனி அனுப்பினது சரியான பொருள்தான். இங்க வந்த பிறகு யாரோ ஒரு வரியை மட்டும் மாத்தியிருக்காங்க. எதுக்கு? டாக்டர், புது டப்பா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு சிட்டிகையை வெளி லேப்புக்கு அனுப்பிப் பேரியம் எவ்வளவுன்னு பார்ப்போம். சான்றிதழ்ல இருக்கற எண்ணோட ஒத்துப்போகணும். பதில் வர ஒரு வாரம் ஆகும்."

"பதில் 69.5-னு வரும்னு மாத்தினவருக்கு முன்னாடியே தெரியும். ஏன்னா அவர் பொடி அள்ளின இடத்துல அந்த எண் அச்சடிச்சிருந்திருக்கும். அதனால சான்றிதழையும் அதுக்கு ஏத்த மாதிரி திருத்திட்டாரு. மூணு வரியும் சேர்ந்து நூறு ஆகணும்னு அவருக்குத் தோணல." ஸ்டோர் கீப்பரின் பக்கம் திரும்பினார். "இங்க மருந்து எப்பவும் டப்பாவுலதான் வருது. நீங்க எந்த மூட்டையைச் சொன்னீங்க?"

ஸ்டோர் கீப்பர் தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான் டைல்ஸ் கம்பெனியில வேலை பார்க்கறான். அங்க மூட்டை மூட்டையா இருக்கும். பேரியம் 69.5-னு போட்டிருந்துச்சு, இதே வெள்ளைப் பொடி. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சேன். சத்தியமா விஷம்னு தெரியாதும்மா. தெரிஞ்சா செய்வேனா?"

"டப்பாவுல இருந்தது என்னாச்சு?"

"லேப்புக்கு அனுப்பச் சிட்டிகை எடுக்கத்தான் மூடியைத் திறந்தேன். கை தவறி வாளித் தண்ணில கொட்டிடுச்சு."

கதவருகே ஒரு நர்ஸ் வந்து நின்றாள். டீச்சருக்குப் பொட்டாசியம் ஏறத் தொடங்கிவிட்டது என்றாள். விரல்களை அசைக்கிறாராம். டெக்னீஷியனுக்கு இனி பயமில்லை என்றும் சொன்னாள். கொழுந்தன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். ஏஜென்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தராசம்மா ஸ்டோர் கீப்பரின் எதிரே குனிந்தார். "கொட்டிடுச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"டாக்டர் திட்டியிருப்பாரும்மா" என்றார் அவர். "எல்லார் முன்னாடியும் வச்சுத் திட்டுவாரு."

எல்லோரும் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள்.