ஏழாம் அறையில் இன்னும் இருமல் இல்லை

உலகத்தின் எந்தக் கிருமியும் தன்னைத் தாண்டிப் போய் ஒரு முதியவரின் மூக்கைத் தொட முடியாது என்று கமிஷனர் உறுதியாக நம்பினான். காவல்துறைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. முதியோர் இல்லத்தில் ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, துடைத்துவிடும் உதவியாளன். யார் தும்மினாலும் குறுக்கு விசாரணை செய்வதால் வந்த பட்டப்பெயர்.

அன்று காலை, ஒன்றாம் அறையில் ஒரு சின்னப் பிசகு. தினமும் அவனைத் திட்டி வரவேற்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் திட்டவில்லை. இருமினார். ஈரமில்லாத இருமல், பழைய துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பதுபோல.

சந்தேகம் சலவைக்கார அக்கா மேல் விழுந்தது. வாசலில் காவலாளி நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவதற்கு முன், குழாயடியில் அவள் மாத்திரை விழுங்குவதை அவன் பார்த்திருக்கிறான்.

"என்னக்கா, காய்ச்சலுக்கு மேக்கப்பா?"

"உடம்பு வலிடா தம்பி."

"வலிச்சா வீட்டுல படுக்கறது. பெருசுங்க உசுரு என்ன இளப்பமா?"

"நான் படுத்தா எங்க வீட்டு அடுப்பும் கூடவே படுத்துக்கும். நீ பேசுவ."

மேற்பார்வையாளரிடம் சொல்லி அவளை அனுப்பிவைத்தான். மறுநாள் இரண்டாம் அறை இருமியது. அடுத்த நாள் மூன்றாம் அறை. அக்கா எப்போதும் கடைசி அறையில் தொடங்கித்தான் விரிப்புகளை உருவிக்கொண்டு வருவாள் என்பது தாமதமாக உறைத்தது. சந்தேகம் சமையல்காரர் மேல் தாவியது. அங்கிருந்து ஓட்டுநர் மேல்.

மாலையில் அவனுக்கு இரண்டாவது வேலை, ஊரின் மறுகோடியில் இன்னொரு இல்லத்தில். ஒரு வேலையில் வயிறு நிறையாதவர்களைத் திணித்துக்கொண்டு போகும் வேனில், இருபது பேரின் மூச்சு கண்ணாடியில் வழியும். அந்த இல்லத்தின் ஏழாம் அறையில் அவன் அப்பா இருந்தார். அவன் அங்கே வேலை பார்க்கும்வரை கட்டில் அவருக்கு.

அங்கேயும் துணி கிழியத் தொடங்கியது. முதல் அறை. மறுநாள் இரண்டு. பிறகு மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாம் அறை இருமிய மாலையில் தாழ்வாரத்தில் நின்றுவிட்டான். அக்கா இங்கே வந்ததில்லை. சமையல்காரரும், ஓட்டுநரும் வந்ததில்லை. இரண்டு இல்லத்திலும் கால் வைப்பது யார்?

கமிஷனருக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அந்த ஆள் ஒவ்வொரு கட்டிலிலும் முகக்கவசத்தை இறக்கி, தன் வாயைப் பிளந்து "ஆ" காட்டுவான். முகம் தெரிந்தால்தான் பெருசுகள் வாய் திறக்கும். ஒன்றில் தொடங்கி, வரிசையாக.

அன்று முகக்கவசத்தோடு ஊட்டினான். அப்பா சாப்பிடவில்லை.

மறுநாள் வேனிலேயே முதுகு சில்லிட்டது. தொண்டையில் ஏதோ நூல் சிக்கியதுபோல. இறங்கி, பொறுப்பாளருக்குப் போன் செய்தான்.

"மேடம், இன்னைக்கு ஒருநாள் லீவு..."

"தாராளமா. வேற ஆள் போட்டுக்கறேன். அப்பாவை எப்ப கூட்டிட்டுப் போறீங்க?"

எட்டுப் பேர் முறைவைத்துத் தூங்கும் தன் வாடகை அறையில் அப்பாவை எங்கே படுக்கவைப்பது?

குழாயடி. மாத்திரை. இரண்டு மடக்குத் தண்ணீர். சுவரோரம் அரை மணி நேரம். வெப்பமானி பச்சை காட்டியது.

"நார்மல். போங்க கமிஷனர் சார்," என்றான் காவலாளி. பட்டப்பெயர் இங்கேயும் பரவியிருந்தது.

ஏழாம் அறை. கரண்டியை நீட்டினான். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். கன்னம் ஒரே நாளில் குழிந்திருந்தது.

"நான்தான்பா."

"யாருய்யா நீ? என் புள்ளை வருவான். அவன் வரட்டும்."

வெளியே ஒன்றாம் அறை இருமியது. பிறகு இரண்டு. மூன்று. யாரோ கதவுக்குக் கதவு நின்று வருவதுபோல. நான்கு. ஐந்து. சுவருக்கு அப்பால், ஆறு.

நின்றது.

அப்பாவின் மூச்சு மட்டும். சுத்தமாக.

முகக்கவசத்தை இறக்கினான். அடையாளம் கண்டு அப்பாவின் முகம் மலர்ந்தது. அவன் வாயைப் பிளந்தான். அவரும் பிளந்தார், உள்நாக்கு தெரியும்படி, அகலமாக.

"ஆ..."