பச்சை போட்ட ஊர்

சோணைமுத்து வைகைக்குள் இறங்கியபோது மதுரை முழுவதும் சாம்பலாக இருந்தது. வானம் சாம்பல். பாலம் சாம்பல். மணல் தெரியாமல் நெருக்கி நின்ற தலைகளும், அவன் தோளில் உட்கார்ந்திருந்த மகள் தாரகையின் தொங்கும் கால்களும் சாம்பல். எங்கோ ஒரு வேப்பங்கொத்து, ஒரு பெண்ணின் கண்ணாடி வளையல், குச்சியில் செருகி விற்பனைக்கு நின்ற கிளிப்பொம்மைகள், இவை மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

"பச்சை போட்டாச்சாண்ணே?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். அழகர் மேல் பீய்ச்சுவதற்காகத் தோல்பையில் தண்ணீர் நிரப்பி இடுப்பில் கட்டியிருந்தான்.

"எந்திரிச்ச உடனே போட்டாச்சு."

"இந்த வருசம் பச்சைதாண்ணே. எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் போட்ருக்காய்ங்க. இத்தனை கண்ணு கேட்டும் அவரு வேற கலர்ல வந்துருவாராக்கும்?"

"அவரு நம்ம கண்ணைக் கேட்டா உடுத்துறாரு?" என்றான் சோணைமுத்து. அவன் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சில் பாதி அதோடு முடிந்தது.

நிறவடி வந்ததிலிருந்து சித்திரைத் திருவிழாவில் இப்படித்தான் குசலம் விசாரித்துக்கொள்கிறார்கள். அழகர் எந்த நிறப் பட்டுடுத்தி ஆற்றில் இறங்குவார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்காமல் எடுக்கும் பட்டுதான் அந்த வருடத்துப் பட்டு. பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. முன்பெல்லாம் மக்கள் காத்திருந்து பார்த்தார்கள். இப்போது பச்சையைக் கண்ணில் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே அது ஒரு வேண்டுதலாகிவிட்டது.

கைப்பேசியில் எடுத்த படத்தில் ஒரே ஒரு நிறத்தை விட்டுவைத்து, மீதியைக் கறுப்பு வெள்ளையாக்கும் விளையாட்டாகத்தான் அது தொடங்கியது. மழைத் தெருவில் ஒரு சிவப்புக் குடை. கறுப்பு வெள்ளைக் கூந்தலில் ஒரு முழம் கனகாம்பரம். அப்படியொரு படத்தைப் பார்க்கும் எவருக்கும் ஒரு நொடி மனம் அசையாமல் நிற்கும். அந்த ஒரு நொடியை நாள் முழுக்க நீட்டினால் என்ன என்று யாரோ யோசித்தார்கள். கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலமாக நிறவடி பிறந்தது. கைப்பேசித் திரையில் நிறச் சக்கரத்தைச் சுழற்றி ஒரு நிறத்தில் நிறுத்தினால், உலகத்தில் அந்த நிறம் மட்டும் மிஞ்சும். எடுக்கும் படங்களும் அந்த ஒரு நிறத்தோடுதான் பதியும். வேண்டாத நிறங்களைச் சேமித்து என்ன செய்வது?

சோணைமுத்து மெட்ரோ ரயிலின் மின்பெட்டிகளைப் பராமரிப்பவன். முன்பு அந்தப் பெட்டியின் கதவைத் திறந்தாலே அவனுக்குத் தலைக்குள் இரைச்சல் கேட்கும். சிவப்பு, நீலம், மஞ்சள், பழுப்பு என்று பின்னிக் கிடக்கும் கம்பிகள் ஒரே நேரத்தில் கத்துவதுபோல இருக்கும். நிறவடி போட்ட முதல் நாள் கதவைத் திறந்தான். சாம்பல் கொடிகளுக்கு நடுவே அவன் தேடிய பச்சைக் கம்பி மட்டும் அமைதியாக நின்றது. நெடுநேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அங்கயற்கண்ணி அறுவை அரங்கில் செவிலி. கடுகளவு ரத்தம் கசிந்தாலும் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பாள். நிறவடி வந்தபிறகு எத்தனை உயிர்கள் தப்பின என்று நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு, யாரென்றே தெரியாத அந்தக் கண்டுபிடிப்பாளரின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போலத் தோன்றும்.

"அப்பா, இறக்கி விடுங்க. கால் மரத்துப் போச்சு" என்றாள் தாரகை. ஆறு வயது. பன்னிரண்டு ஆகும்வரை நிறவடி கூடாது என்பது சட்டம். அதனால் அவள் வழியெல்லாம் எதையாவது காட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். அவனுக்கு அவள் காட்டியதில் பாதி சாம்பலாகத்தான் தெரிந்தது.

இறக்கிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போது வேட்டுச் சத்தம் கேட்டது. கூட்டம் ஒரே உடலாக முன்னால் சாய்ந்தது. தங்கக் குதிரை தெரிந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் அழகர்.

ஒரு கணம் ஆற்றில் சத்தமே இல்லை.

"பச்சை இல்லடா!" என்று எவனோ கத்தினான்.

மறுகணம் லட்சம் கைகள் சட்டைப் பைக்குள்ளும் இடுப்பு மடிப்புக்குள்ளும் போயின. லட்சம் தலைகள் குனிந்தன. அழகரை நேரே கண்முன் வைத்துக்கொண்டு, அவர் என்ன நிறம் என்று ஊரே கைப்பேசியில் தேடியது. நிறச் சக்கரத்தைச் சுழற்ற இரண்டு கையும் வேண்டும். சோணைமுத்து மகளின் கையை விட்டான். சிவப்பு, இல்லை. நீலம், இல்லை. ஊதா, இல்லை. மஞ்சளில் நிறுத்தியதும், சாம்பல் ஆற்றின் நடுவே மாம்பழ மஞ்சளில் ஒரு சுடர் எழுந்தது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை அழகை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. கை தானாகக் குவிந்தது.

கையை இறக்கி, பக்கத்தில் துழாவியபோது மகள் இல்லை.

தென்கரையில் உதவி மேடை இருந்தது. அங்கே நசீமா என்ற தன்னார்வலர் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தாள். சோணைமுத்து முண்டியடித்து அவள் முன்னால் போய் நின்றான். அவளே புரிந்துகொண்டாள்.

"பிள்ளையாண்ணே? பதறாதீங்க. நிற அழைப்பு விட்டா ரெண்டே நிமிசம். பொண்ணா, பையனா?"

"பொண்ணு. தாரகை. ஆறு வயசு."

நிற அழைப்பை அவன் அறிவான். தொலைந்த பிள்ளையின் சட்டை நிறத்தை மேடையிலிருந்து அனுப்பினால், ஆற்றில் நிற்கும் அத்தனை கண்களிலும் மற்ற நிறங்கள் விலகி அது மட்டும் மிஞ்சும். பிள்ளைகளின் முகத்தைப் பொதுவில் அனுப்பத் தடை இருந்ததால், நிறம்தான் அடையாளம். சாம்பல் கடலில் ஒரு பொட்டு. பக்கத்தில் நிற்பவர் கையைத் தூக்குவார். போன வருடம் சோணைமுத்துவே அப்படிக் கை தூக்கியிருக்கிறான். முழங்காலுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடியன் அழுதுகொண்டு நின்றான். ஒருவரையொருவர் முன்பின் தெரியாத ஊர், ஒரே கண்ணாகி ஒரு பிள்ளையைத் தேடியது. அன்றைக்கு வீட்டுக்குப் போனபிறகும் அவனுக்கு மனம் அடங்கவில்லை.

"என்ன கலரு சட்டைண்ணே?"

சோணைமுத்து கையைத் தாழ்த்தி அவள் உயரத்தைக் காட்டினான்.

"கவுனா? பாவாடையா?"

"கவுனு. கழுத்துக்கிட்ட சின்னச் சின்னதா வாத்து போட்ருக்கும்."

"வாத்தை எப்படிண்ணே அனுப்புறது? கலரைச் சொல்லுங்க."

விடியுமுன் அலமாரியைத் திறந்து கவுனை எடுத்தவன் அவன்தான். அங்கயற்கண்ணிக்கு, வீட்டில் அவள் கயல், இரவுப் பணி. எழுந்ததுமே பச்சை போட்டுவிட்டிருந்தான். அலமாரிக்குள் எல்லாமே சாம்பலாக மடித்துக் கிடந்தது. மேலே இருந்ததை எடுத்து மாட்டிவிட்டான். பொத்தான் போட்டான். தலை வாரினான். வாத்துகளைக்கூட எண்ணிக் காட்டினாள் அவள். அவனுக்கு அவ்வளவும் நினைவிருந்தது.

"தெரியலக்கா" என்றான்.

நசீமா ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். "போட்டோ எடுத்திருப்பீங்கள்ல?"

எடுத்திருந்தான். வாசலில், பேருந்தில், பாலத்தின்மேல். அவள் சிரித்த சிரிப்பு, விழுந்த பல்லின் இடைவெளி, எல்லாம் துல்லியமாக இருந்தன. படத்துக்குப் படம் சாம்பல். ஒன்றில் அவள் பின்னால் ஒரு வாழைமரம் மட்டும் பச்சையாக நின்றது.

"வீட்டுல?"

"நர்சு. ஆபரேசன் தியேட்டர்ல இருப்பா. போனை வெளிய பூட்டி வச்சிருவாய்ங்க." அப்படியே எடுத்தாலும் அவளுக்கும் தெரியாது. உடுத்திவிட்டபோது அவள் வீட்டில் இல்லை.

நிறவடியை அணைத்துவிட்டுத் திரும்பி ஆற்றைப் பார்த்தான். எல்லா நிறங்களும் ஒரேயடியாக முகத்தில் அறைந்தன. பழக்கம் விட்டுப்போன கண் எதிலும் நிற்காமல் வழுக்கியது. அந்தப் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குதிரையின் பின்னால் நகரத் தொடங்கியிருந்தது. அதன் கால்களுக்கு நடுவே அவள் எங்கோ இருக்கிறாள்.

"ரோஸ்" என்றான். "ரோஸா இருக்கும். அவ வயசுப் பிள்ளைகளுக்கு அதுதான வாங்குறோம்?"

"இருக்குமா, இருக்கா?"

நசீமா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ரோஸை அனுப்பினாள்.

ஆறு முழுவதும் கைகள் எழுந்தன. நாலாபக்கமும், "இங்க இருக்கு! இங்க இருக்கு!" ஊருக்கு மனசில்லை என்று எவன் சொல்லமுடியும்? கூப்பிட்ட குரலுக்கு அத்தனை பேரும் நின்று தேடினார்கள். ஆனால் ஒவ்வொரு கைக்குக் கீழேயும் வேறு யாரோ பெற்ற மகள். "யோவ், இது எம் பிள்ளய்யா! ஒழுங்காப் பாத்துக் கையைத் தூக்குங்கய்யா!" என்று ஒருத்தி கத்தினாள். எழுந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"இன்னொரு கலரு போடுங்கக்கா. மஞ்சள்..."

"திருவிழாவுல மஞ்சளா? பாதி ஆறு எரியும்." நசீமாவின் குரல் தணிந்தது. "தப்பா ஒண்ணு அனுப்பிட்டோம். அடுத்ததும் தப்பாப் போச்சுன்னா எவனும் நின்னு தேடமாட்டான்ணே. யோசிங்க. நல்லா யோசிங்க."

சோணைமுத்து கண்ணை மூடி யோசித்தான். கவுனின் துணி விரலுக்குத் தெரிந்தது. கழுத்துப் பொத்தான் கொஞ்சம் தளர்ந்திருந்ததும் தெரிந்தது. இன்று மட்டுமா? போன வாரம் அவள் என்ன நிறத்தில் பள்ளிக்குப் போனாள்? பிறந்தநாளைக்கு? அவன் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அவள் எந்த நிறத்தில் இருக்கிறாள்? உள்ளே எங்கு பார்த்தாலும் சாம்பல். இத்தனை நாள் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தது அவன் நெஞ்சை வந்து அடைத்தது.

அப்போது கண்ணில் படலம் தானாக விழித்துக்கொண்டது. ஆறு மறுபடி சாம்பலாயிற்று. ஒலிபெருக்கியில் வடகரை மேடையின் குரல் கேட்டது.

"காணாமல் போனவர், ஓர் ஆண். முழுக்கைச் சட்டை. கத்திரிக்காய் நிறம். கத்திரிப்பூ அல்ல, கத்திரிக்காய். தோள்பட்டையில் சற்று வெளுத்திருக்கும். அருகில் உள்ளவர்கள் உதவவும்."

எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார்கள் என்று சோணைமுத்துவுக்குத் தோன்றியது. யாரோ ஒரு பெரியவரைத் தொலைத்துவிட்ட குடும்பம் போலிருக்கிறது. அவரை அவர்கள் எவ்வளவு பார்த்திருக்கவேண்டும். துக்கத்துக்கு நடுவிலும் பழக்கம் விடவில்லை, அவனும் கழுத்தை நீட்டித் தேடினான். இடப்பக்கம் இல்லை. பாலத்தடியில் இல்லை. தன்னிடம் அந்த நிறத்தில் ஒன்றும் கிடையாது. உடுத்தியிருப்பது கடையில் குவியலிலிருந்து எடுத்த சாம்பல் சட்டை.

அவனைச் சுற்றிக் கைகள் எழுந்தன. பக்கத்தில் ஒன்று. பின்னால் நாலு. பிறகு கரையோரமெல்லாம். அத்தனை முகமும் அவனையே பார்த்தன.

"அண்ணே" என்றாள் நசீமா. "சட்டையைப் பாருங்க."

குனிந்து பார்த்தான். உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே நிறம் அவன் மேல் எரிந்துகொண்டிருந்தது.

வடகரையிலிருந்து ஒரு பெண் காவலர் தாரகையை இடுப்பில் தூக்கி வந்தார். "நல்ல பிள்ளையப் பெத்திருக்கீங்க. எங்கப்பா தொலைஞ்சு போயிட்டாருன்னு வந்து நிக்கிறா. கலர் அட்டையைக் காட்டினா ஒண்ணையும் ஒத்துக்கல. இது கத்திரிப்பூ, இது நாவப்பழம்னு எங்களுக்கே பாடம் எடுக்குறா."

அவன் அவளை வாங்கி அணைத்துக்கொண்டான். வாய்விட்டு அழுதான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. அந்தப் படம் அவர்கள் மெட்ரோ நிலையத்தை அடைவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. சாம்பல் ஆறு, சாம்பல் கூட்டம், நடுவே கத்திரிக்காய் நிறத்தில் அழுகிற ஒரு மனிதன். பார்த்தவர்கள் ஒரு நொடி மனம் அசையாமல் நின்றார்கள்.

ரயிலில் இடம் கிடைத்தது. தாரகை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சோணைமுத்து தன் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தான். இவ்வளவு அழகான நிறத்தை இத்தனை நாள் உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறான்! வெளிச்சம் பட்ட இடத்தில் அது கருநீலமாகச் சாய்ந்தது. மடிப்பில் ஏறத்தாழ கறுப்பு. அவன் பார்த்துக்கொண்டே வந்தான்.

கைப்பேசி அழைத்தது. கயல்.

"ஏங்க, தியேட்டர விட்டு வெளிய வந்தா அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாய்ங்க. நீங்க அழுதா மொகரை இப்படித்தான் இருக்குமா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "ஆமா, பிள்ளைக்கு என்ன கலர்ல போட்டு விட்டீங்க? படத்துல உங்க சட்டைதான் தெரியுது."

சோணைமுத்து திரும்பி மகளைப் பார்த்தான். இருக்கை சாம்பல். ஜன்னல் சாம்பல். வாத்துகள் சாம்பல். கத்திரிக்காய் நிறத்தை அவன் இன்னும் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"ஏங்க, இருக்கீங்களா?"

கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு, மகளின் காதருகே குனிந்தான்.

"தாரு, உன் கவுனு என்ன கலர்ம்மா?"

காலையிலிருந்து எல்லோருக்கும் நிறம் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தாள் அவள். ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நீங்களே பாருங்கப்பா."