சிமிட்டாத சிவப்பு விளக்கு

காலை ஏழு மணியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது வீட்டிலிருந்த நான்கு புகை அலாரங்களும் ஒன்றாக அலறின.

எல்ஸ்பெத் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். புகை இல்லை. தீய்ந்த வாடைகூட இல்லை. ஆனாலும் காதைப் பிளக்கும் அந்தச் சத்தம் நின்றபாடில்லை.

"எல்ஸ்பெத்! இன்னிக்கு என்னத்தைடி கொளுத்தினே?"

மாமியார் பெல்லா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். எண்பத்து நாலு வயது. தேவாலயத்துக்குப் போகச் சொன்னால் முழங்கால் மடங்காது. ஆனால் அலாரம் அடித்துவிட்டால் போதும், குமரிப்பெண் மாதிரி தடதடவென்று இறங்கி வந்துவிடுவாள். சந்தேகத்துக்கு அப்படி ஒரு தெம்பு உண்டு.

"ஒண்ணும் கொளுத்தல அத்தை... கஞ்சிதான் வச்சேன்."

"கஞ்சிக்கா இது இந்தக் கத்துக் கத்துது?"

பெல்லா குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தாள். ரொட்டி சுடும் கருவியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அதில் அவளுக்கு ஏமாற்றம்! அடுத்து மருமகளின் அருகே வந்து, அவள் தலைமுடியை மோந்து பார்த்தாள்.

"சிகரெட்டா?"

"அத்தை!"

"பின்னே என்ன? என் புள்ளை ஆலிக் வீட்டுல இருக்கிற சனி, ஞாயிறு இது வாயைத் திறக்கிறதில்ல. திங்கக்கிழமை அவன் ஐஸ் ஆலைக்குக் கிளம்பினானோ இல்லையோ, கத்த ஆரம்பிச்சுடுது. அவன் இல்லாத நேரத்துல நீ என்னமோ பண்றே. என்னன்னுதான் எனக்குப் புரியல..."

அலாரம் தானாகவே நின்றது. எல்ஸ்பெத் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, மாமியாருக்குப் பிடித்த மாதிரி உப்புப் போட்டு, முன்னால் வைத்தாள்.

இந்த அலாரங்களை அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூடத்தில் ஒன்று, கீழ் நடையில் ஒன்று, மாடி நடையில் ஒன்று, சமையலறையில் சூட்டை அறியும் ஒன்று, எது அடித்தாலும் எல்லாம் சேர்ந்து அடிக்கவேண்டும் என்று எடின்பரோவில் அரசாங்கம் சட்டம் போட்டபோது, அவர்கள் ஊரான ஸ்கார்நெஸின் துறைமுகத் தெருவே முணுமுணுத்தது. பெல்லாவின் பழைய அலாரத்தில் பாட்டரியே கிடையாது. அதைப் பிடுங்கி வானிலைச் செய்தி கேட்கும் ரேடியோவில் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எல்ஸ்பெத்தான் விடாமல் நச்சரித்தாள். ஜனவரியில் கிளாஸ்கோவிலிருந்து ஒருவன் ஏணியோடு வந்து, தெரு முழுவதும் மாட்டிவிட்டுப் போனான்.

அவள் நச்சரித்ததற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே சமையலறை பற்றி எரிந்தது. உருளைக்கிழங்கு வறுக்கும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு யாரோ மறந்துபோனார்கள். மேலே கொடியில் பெல்லாவின் புருஷன் போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. படகோடு கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பெல்லா தன் கையால் பின்னிய அந்தச் சட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அதைத் துவைத்துக் காயப்போடுவாள். அன்றைக்கு அதுவும் சாம்பலாயிற்று.

"சட்டியை வச்சது நான்தான்" என்று எல்ஸ்பெத் சொன்னாள். நெருப்பை அணைக்கப்போய் அவள் இடது கையில் ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் அவள் வேலைக்காரி. பெல்லா அவள் கிழித்த தீக்குச்சியைக்கூட எண்ணுவாள்.

அதே வாரம் பெல்லாவின் மகள் டாவினாவும் பேச்சை நிறுத்தினாள். அவள் வேறெங்கும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஒரு வீட்டை அப்பா குறுக்கே பிரித்து மகளுக்குக் கொடுத்த பாதி அது. ஆனாலும் ஒன்பது வருஷமாக இந்த வாசல் மிதிக்கவில்லை, தெருவில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். 'அப்பா சட்டையை எரிச்சவ முகத்துல முழிக்கப் பிடிக்காம என் பொண்ணு ஒதுங்கிட்டா' என்று பெல்லா ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பழியும் மருமகள் தலையில்தான் விழுந்தது.

அன்று மாலை ஹேடாக் மீனை முள்ளெடுத்துத் தட்டில் வைத்தபோது, ஆலிக் தட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். உனக்குத்தான்."

"எனக்கென்ன?"

"ஞாபகம் எப்படி இருக்குன்னு பார்ப்பாங்களாம். ஏதோ கேள்வி கேட்பாங்க, அவ்வளவுதான். அம்மா பயப்படறாங்க எல்ஸ்பெத். நீ எதையோ வச்சுட்டு மறந்துடறே..."

"நான் எதையும் மறக்கல."

"மறந்தவங்க அப்படித்தான் சொல்வாங்களாம்."

முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவன் சொல்கிற பேச்சா இது! அதைவிடக் கொடுமை, அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே நான்தான் எதையாவது...

பாத்திரம் கழுவிவிட்டு, அலமாரியில் இருந்த அலாரத்தின் துண்டுப் பிரசுரத்தை எடுத்தாள். வீட்டில் யாருமே படிக்காத காகிதம் அது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. எந்த அலாரம் புகையைக் கண்டதோ அதன் சிவப்பு விளக்கு மட்டும் வேகமாகச் சிமிட்டும். மற்றவை கூடச் சேர்ந்து கத்தும், சிமிட்டாது.

மறுநாள் புதன். ஏழாகப் பத்து நிமிஷம் இருந்தது. எல்ஸ்பெத் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். சத்தமே இல்லை.

"பார்த்தியா? டாக்டர்னதும் ஒழுங்காயிட்டே!" என்றாள் பெல்லா.

வெளியே கடுங்காற்று. படகுகள் பாதியில் திரும்புவதாக ரேடியோ சொன்னது. பதினோரு மணிக்கு அலாரம் அடித்தது.

எல்ஸ்பெத் ஓடினாள். சமையலறை விளக்கு சிமிட்டவில்லை. கூடத்திலும் இல்லை. கீழ் நடையிலும் இல்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி நடைக்கு ஏறி, அதன்மேல் நின்று, அலாரத்துக்கு நேராகக் கையை உயர்த்தினாள்.

"ஆக, நீதான் பட்டனை அமுக்கறே!"

திரும்பினாள். படியின் கீழே ஆலிக் நின்றுகொண்டிருந்தான். கோட்டெல்லாம் கரித்தூள். காலையில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன், பின்கட்டுக் கரிக்கொட்டகையில் ஒளிந்திருந்திருக்கிறான். அறுபதை எட்டப்போகும் ஆண்பிள்ளை, பெண்டாட்டியைக் கையும் களவுமாகப் பிடிக்க!

"எதுக்கு எல்ஸ்பெத்? அம்மாவைப் பயமுறுத்தி முதியோர் இல்லத்துக்கு அனுப்பவா?"

"ஆலிக், இங்க பாரு. சிவப்பு விளக்கு சிமிட்டல."

"பேச்சை மாத்தாதே."

"நாலுல ஒண்ணும் சிமிட்டல! புகை நம்ம வீட்டுல இல்ல. அப்போ எங்க இருக்கு?"

சொல்லும்போதே ஜனவரியில் அந்தக் கிளாஸ்கோக்காரன் எட்டுப் பெட்டிகளையும் ஒன்றாக அடுக்கிவைத்து, இந்தக் கதவுக்கும் அடுத்த கதவுக்குமாக நடந்தது நினைவுக்கு வந்தது.

"டாவினா!"

முக்காலி உருண்டது. அவள் புருஷனைத் தள்ளிவிட்டு ஓடினாள். அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் புகை கறுப்பாக இருந்தது. கதவு பூட்டியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் சாவி எங்கே இருக்குமோ அங்கேயே, வாசலில் கிடந்த பழைய மீன்பெட்டிக்கு அடியில் இருந்தது.

உள்ளே எண்ணெய்ச் சட்டி எரிந்துகொண்டிருந்தது. எல்ஸ்பெத் சட்டியைத் தொடவில்லை. அடுப்பின் விசையைத் திருப்பினாள், துண்டை நனைத்துப் பிழிந்து சட்டியின்மேல் போர்த்தினாள். பிறகு புகைக்குள் குனிந்து போனாள். கூடத்து சோபாவில் காய்ச்சலும் மாத்திரையுமாக டாவினா கிடந்தாள். அக்குளில் கை கொடுத்து அவளை இழுத்தாள். பாதி வழியில் ஆலிக் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான்.

மூன்று பேரும் தெருவுக்கு வந்தபோது பெல்லா கையில் தடியோடு நின்றிருந்தாள். கரி படிந்த மருமகள், இருமிக்கொண்டு சரிகிற மகள். அவளுக்கு அதுவே போதுமானதாயிற்று.

"பாவி! என் பொண்ணை என்னடி பண்ணினே? என் வீட்டை எரிச்சது போதாதுன்னு அவ வீட்டுக்கும் வந்துட்டியா?"

"அம்மா, நிறுத்து!"

டாவினாவுக்கு மூச்சு வாங்கியது. ஈரக் கல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் வச்சேன். படகு திரும்புதுன்னு என் வீட்டுக்காரருக்கு வறுத்து வைக்கலாம்னு வச்சுட்டுத் தூங்கிப்போயிட்டேன்... அன்னிக்கும் நான்தான் வச்சேன்மா."

"என்னிக்கு?"

"அப்பா சட்டை எரிஞ்ச அன்னிக்கு! உன் சமையலறையில சட்டியை வச்சுட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தாங்க, 'நான்தான் வச்சேன்'னு சொல்லிட்டாங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன். ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு நினைப்பேன்... வெட்கமா இருந்துச்சு. அதனாலதான் அவங்க முகத்தைப் பார்க்க முடியல. கோபத்துல இல்லம்மா, கோபத்துல இல்ல!"

பெல்லா மருமகளைப் பார்த்தாள்.

"ஏண்டி சொல்லல?"

"அவ குழந்தை போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்துச்சு அத்தை. அதுக்கு மேல ஒரு பாரத்தை அவ தாங்கமாட்டான்னு தோணிச்சு. எனக்கென்ன, நாலு நாள் திட்டுவீங்க, அப்புறம் மறந்துடுவீங்கன்னு நினைச்சேன்."

"நாலு நாளா... நான் ஒன்பது வருஷம் திட்டினேனே!"

பெல்லாவின் கையிலிருந்து தடி விழுந்தது. மருமகளின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, அந்தத் தழும்பை முதல்முறையாகப் பார்த்தாள். அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். டாவினா எல்ஸ்பெத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி... அண்ணி..." ஒன்பது வருஷமாகக் கேட்காத சொல்!

எல்ஸ்பெத் அவள் தலையை வருடினாள். ஆனால் ஆலிக் கிட்டே வந்தபோது ஒரு அடி விலகி நின்றாள்.

"அவங்க சந்தேகப்பட்டாங்க, சரி. அவங்க புருஷன் சட்டை அது. நீ எதுக்குக் கரிக்கொட்டகையில ஒளிஞ்சே ஆலிக்?"

அவன் அழக்கூடத் தகுதியில்லாதவனாக நின்றான்.

வியாழக்கிழமை காலை அவன் அவளுடைய கோட்டை எடுத்துக்கொடுக்க வந்தபோது, எல்ஸ்பெத் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"டாக்டர்கிட்ட நீயே போயிட்டு வா. கட்டினவ எப்படிப்பட்டவன்னு மறந்தது நீதானே."

அவன் போன் செய்து அதை ரத்து செய்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனான். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. இரண்டு கிண்ணங்களை உடைத்தான். அவள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

மதியம் கிளாஸ்கோக்காரன் ஏணியோடு வந்தான். டாவினா போர்வை சுற்றிக்கொண்டு இந்த வீட்டுக் கணப்பருகே உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில், புருஷன் கடலில் இருக்கிற நாட்களில் மட்டும், மாடிப்படிக்கு அடியில் நின்று சிகரெட் பிடித்ததை அவள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டதாகப் புருஷனிடம் சத்தியம் செய்திருந்தாளாம். அவள் வீட்டு அலாரமும் கத்தத்தான் கத்தியது, தன் வீட்டில் மட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எல்ஸ்பெத் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருநாளும் அலாரம் கிளம்பி வந்ததில்லை. எல்ஸ்பெத்தின் அடுப்பில் ஒருநாளும் எதுவும் தீய்ந்ததில்லையே!

"ரெண்டு வீட்டையும் ஏம்ப்பா ஒண்ணா இணைச்சே?" என்று ஆலிக் கேட்டான்.

"என் தப்பு இல்லீங்க. ரெண்டு கதவுலயும் 'வாட்'னு போட்டிருந்துச்சு."

இந்த ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் வாட்தான். டாவினா கட்டிக்கொண்டவனும் வேறொரு வாட். தபால்காரன்கூடப் பட்டப்பெயரை வைத்துத்தான் வீடு கண்டுபிடிப்பான். வெளியூர்க்காரனுக்கு அது எப்படித் தெரியும்?

"இருந்தாலும் கேட்டேங்க. இது தனி வீடா, ஒரே குடும்பமான்னு இந்த அம்மாகிட்டதான் கேட்டேன். 'ஒரே குடும்பம்தான்'னாங்க."

எல்லோரும் பெல்லாவைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது.

"பின்னே? முன்பின் தெரியாதவன்கிட்ட, என் மக ஒன்பது வருஷமா பேசறதில்லன்னு சொல்லச் சொல்றீங்களா? மானம் போகாதா? அதான் அப்படிச் சொல்லி வச்சேன்."

அவன் ஏணியை விரித்தான். "பத்து நிமிஷ வேலை. பிரிச்சுடறேன். ரெண்டு வீட்டுக்காரங்களும் சம்மதிச்சா அப்படியே விட்டாலும் சரி. எப்படின்னு சொல்லுங்க."

ஆலிக் அம்மாவைப் பார்த்தான். இந்த வீட்டில் எதற்கும் அவள் சொல்வதுதான் சட்டம். பெல்லாவோ மருமகள் பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏன் பார்க்கறே? அவளைக் கேளு. அவ வீடு."

எல்ஸ்பெத் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அவ வீடு... மாமியார் வாயால் அதைக் கேட்க முப்பத்தோரு வருஷம் ஆயிற்று! டாவினா பயந்த கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிக்க வேண்டாம்பா. அப்படியே இருக்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை, ஏழாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எட்டு அலாரங்களும் ஒன்றாக அலறின. மாடியில் பெல்லாவின் கட்டில் கிறீச்சிட்டது. எல்ஸ்பெத்துக்குப் பழைய பயத்தில் கரண்டி கை நழுவியது. ஆனால் காலடிச் சத்தம் படிக்கட்டுக்கு வரவில்லை, சுவர்ப்பக்கம் போயிற்று. தடியால் மூன்று தட்டு.

"டாவினா! வெளியில போய்ப் பிடிடி, கழுதை!"

பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், கீழே பார்த்து:

"எல்ஸ்பெத், நீ கஞ்சியைப் பாரும்மா. உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல."

எல்ஸ்பெத் கரண்டியைக் குனிந்து எடுத்தாள். கண்ணீர் கஞ்சியில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிண்ட ஆரம்பித்தாள்.